நாற்பத்தொரு வாக்குமூலம்

மேற்குக் காற்று அடித்தால் செம்மணல் ஒரு பக்கம் மேடாகும், கிழக்குக் காற்று திரும்பினால் அந்த மேடே பள்ளமாகும், நேற்று நடந்த தடத்தை இன்றைக்குத் தேடினால் கிடைக்காது. அப்படி நிலமே நிலைகொள்ளாத தேரிக்காட்டுச் சாந்தபுரத்தில் அசையாமல் நின்றது பொதுவீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு படிக்கட்டு, ஒரே கூரை. கிழக்கு வாசல் ஆண்களுக்கு, மேற்கு வாசல் பெண்களுக்கு. நடுவில் இருந்த பெரிய அறையில் இரு சாராரும் கூடுவார்கள், கூடும்போதும் இரண்டு வரிசைக்கும் நடுவே இரண்டு முழம் இடம் விட்டிருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகளின் ஓரத்தில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து வந்து, நட்சத்திரம் அம்மாள் என்ற உபதேசியார் விதவை கட்டிய வீடு அது. இனிமேல் கலியாணம் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை, ஜாதி இல்லை, என்னுடையது உன்னுடையது என்பதும் இல்லை என்று அவள் சொன்னாள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு அதில் விட்டுக்கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

சுவர் நெடுக மரமுளைகள் அடித்து நாற்காலி, விளக்குமாறு, சட்டை, அரிவாள் எல்லாவற்றையும் அவற்றில் மாட்டி வைப்பார்கள். யார் கைக்கு எது அகப்படுகிறதோ அது அன்றைக்கு அவருடையது. பொழுது சாய்ந்ததும் எடுத்ததைத் திரும்ப மாட்டிவிட்டு, "இது என்னுடையது அல்ல, நம்முடையது" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். வட்டமாக நின்று, உள்ளங்கைகளைக் கவிழ்த்து, மனசில் கிடக்கும் பாரத்தை விரல் நுனி வழியே தரையில் உதறுவதுபோல உதறி உதறி, மூச்சு வாங்கும் வரைக்கும் ஆடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் அவர்களை ஆட்டக்காரச் சபை என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் விதைப்புக் காலம் வந்தால் கத்தரி, வெண்டை, சுரை, பூசணி என்று விதை வாங்க அங்கேதான் வந்து நின்றார்கள், ஏனென்றால் பொதுவீட்டு விதை பொய்ப்பதில்லை.

அந்த விதைகளைப் பார்த்துக்கொண்டவள் சுகிர்தம். முப்பத்தைந்து வயது, குள்ளமான உருவம், பேச்சு கொஞ்சம். பஞ்சம் தொடங்கிய மாசத்தில் அவள் புருஷன் தங்கையா கொழும்புக்குக் கப்பலேறினான். போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்றான். ஆளும் வரவில்லை, கடிதாசியும் வரவில்லை. மூன்று வயது மகள் அவள் மடியிலேயே இறந்துபோனாள். அதற்கப்புறம்தான் நட்சத்திரம் அம்மாள் வந்து அவளைக் கைபிடித்துத் தூக்கினாள். அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இப்போது வீட்டுக்கு மூத்தவளாக இருந்தவள் வேதக்கண் அம்மாள். வீட்டில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

கப்பலேறிப் போய்ப் பதின்மூன்று வருஷம் கழித்து, ஒரு பங்குனித் திங்கட்கிழமை காலையில், மஞ்சள் பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தங்கையா வந்து மேற்கு வாசலில் நின்றான். கொழும்பில் கடை வைத்திருப்பதாகவும், சமைத்துப்போட ஆள் இல்லை என்றும், தாலி கட்டினவளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருப்பதாகவும் சொன்னான். வேதக்கண் அம்மாள் சுகிர்தத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "நீ என்னம்மா சொல்லுத?" என்று கேட்டாள்.

"நான் வரலை" என்றாள் சுகிர்தம்.

தங்கையா கோபப்படவில்லை. "கோர்ட்டு உத்தரவு வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு வண்டியோட வருவேன். துணிமணியை முடிஞ்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஆண்கள் களத்தில் பூசணி விதை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்து நிழலில் வெண்டை நெற்று உரித்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தம் தறியறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்துக்கு முழங்காலில் இருந்தாள். தறியறைச் சுவருக்கு அந்தப் பக்கம் விதைக்கிடங்கு. அதன் மேல்தட்டு மச்சில்தான் அவள் வழக்கமாக வேலை செய்வாள். வண்டிச் சத்தத்தைக் களத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. வெயில் கொஞ்சம் இறங்கினதும் அடுக்களைக்காரி சாராள் சுரை விதை எடுக்கக் கிடங்குக்குப் போனாள். மச்சுப்படியின் அடியில் தங்கையா கழுத்து மடங்கிக் கிடந்தான். தலைப்பாகை மட்டும் அவிழாமல் இருந்தது.

பிணத்தை மூடி வைத்துவிட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்று சாயங்காலமும் வழக்கம்போல எல்லாரும் கையிலிருந்ததை முளையில் மாட்டி, இது என்னுடையது அல்ல நம்முடையது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் விடியலில் மணி அடித்து எழுந்தபோது, அவனைத் தள்ளியது தான்தான் என்பது நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியே ஞாபகம் வந்தது.

கனவுபோல அல்ல, பிறர் சொல்லிக் கேட்டதுபோலவும் அல்ல. நேற்றுச் சாப்பிட்டது ஞாபகம் இருப்பதுபோல இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பதினாலு படி ஏறினது, தாழ்ந்த வாசல்நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனது, சன்னல் வெளிச்சத்தில் விதைச்சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த மஞ்சள் தலைப்பாகை, வேப்பஞ்சாம்பல் வாடை, சுகிர்தத்தை எங்கே என்று அவன் கேட்டது, அவள் வரமாட்டாள் என்று சொன்னது, அவன் சிரித்தது, "பிள்ளை செத்ததும் ஒரு வகைக்கு நல்லதுதான், கப்பல்ல ஒரு ஆள் குறைச்சல்" என்றது, எழுந்து வந்து தோளைப் பிடித்தது, பிடித்த கையை உதறித் தள்ளினது, படியில் அவன் உருண்ட சத்தம், பிறகு சத்தமே இல்லாத அந்தக் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில், ஒரு மிடறு தண்ணீர் விழுங்கும் அளவுக்குத்தான், நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்து போனது. அதுவும் ஞாபகம் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது.

அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் சங்கரமூர்த்திப் பிள்ளை குதிரையில் வந்து இறங்கி, வேப்பமரத்தடியில் மேஜை போடச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நேத்து மத்தியானம் நீ எங்க நின்னே?" என்று முதலில் சாராளைக் கேட்டார்.

"அடுக்களையில நின்னேன் ஐயா. மச்சிலயும் நின்னேன்."

"ஒரே நேரத்திலயா?"

"அப்படித்தான் ஞாபகம் இருக்கு. அடுக்களையில நின்னது கொஞ்சம் மங்கலாத் தெரியுது. மச்சில நின்னதுதான் தெளிவா இருக்கு. நான்தான் தள்ளினேன் ஐயா."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கொலைகாரியை இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்ததில் அவருக்குத் திருப்திதான். ஆனால் அடுத்து வந்தவரும் நான்தான் என்றார், அதற்கடுத்து வந்தவளும் நான்தான் என்றாள், படி பதினாலு என்று எல்லாருமே சொன்னார்கள், கப்பல்ல ஒரு ஆள் குறைச்சல் என்ற வார்த்தையை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார்கள். வேதக்கண் அம்மாள் சொன்னாள், சுகிர்தம் சொன்னாள். பிறவியிலேயே கண் தெரியாத பரஞ்சோதியும் கோலைத் தட்டிக்கொண்டு வந்து, "நான்தான் ஐயா. அவன் தலையில கட்டியிருந்தது மினுமினுன்னு இருந்துது" என்றான். மூன்று நாள் எழுதி நாற்பத்தொரு வாக்குமூலம் ஆனது.

நாற்பத்திரண்டாவதாக வந்தவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் தச்சர் ஈசாக்கு. அறுபதை நெருங்கிய நெடிய மனுஷர், வாலிபத்தில் பனையேறியவர், பனையிலிருந்து விழுந்து இடது முட்டி மடங்காமல் போன பிறகு தச்சு பழகியவர். அந்த வீட்டுப் படிகளும் நிலைகளும் முளைகளும் எல்லாம் அவர் கை இழைத்தவை.

"பட்டறையில இழைச்சுக்கிட்டு இருந்தேன் ஐயா. நடுவில கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போலிருக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல" என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை; அத்தனை வருஷம் பொய்யர்களைப் பார்த்துப் பழகிய இன்ஸ்பெக்டருக்கு அது தெரிந்தது.

"இந்த வீட்டில குத்தமில்லாத ஆளு நீரு ஒருத்தர்தான்வே" என்று சொல்லிவிட்டு, காகிதங்களைக் கட்டித் திருநெல்வேலிக்கு அனுப்பி, மேலிடத்துப் பதிலுக்குக் காத்திருந்தார். நாற்பத்தொரு பேரையும் அடைத்துவைக்க அந்தத் தாலுகாவில் இடம் கிடையாது. ஆகவே அவர்களைப் பொதுவீட்டிலேயே விட்டுவைத்தார்.

அவர்கள் அந்த ஞாபகத்தோடு வாழப் பழகிக்கொண்டார்கள். அது எப்படி வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எல்லாம் பொது என்று பதின்மூன்று வருஷம் சாயங்காலந்தோறும் சொல்லியிருக்கிறோம், சட்டையும் கலப்பையும் பொதுவாகும்போது இதுவும் ஒருநாள் பொதுவாகத்தானே செய்யும் என்று வேதக்கண் அம்மாள் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மற்றபடி செய்ய வேண்டியது நிறைய இருந்தது. சனிக்கிழமை பாவ அறிக்கை செய்யும்போது முதல் ஆள் சொன்னதையே எல்லாரும் சொல்ல வேண்டியிருந்ததால், ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலைகுனிந்து நிற்பது என்று ஆக்கிக்கொண்டார்கள். கதவை யாரும் கையால் தள்ளுவதில்லை; மெல்ல இழுத்துத் திறக்கிற மாதிரி எல்லாக் கதவையும் ஈசாக்கைக் கொண்டு மாற்றிப் போடச் சொன்னார்கள். எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு வரும் சாராள், குழம்பில் உப்பு கூடிப்போனால் தானே முதலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மனுஷனைத் தள்ளினவள் உப்புக்காக வாயாடுவதா என்றாள். ஒருவரை ஒருவர் குறை சொல்லுவது அந்த வீட்டில் நின்றுபோனது. தங்கையாவை அவர்களே வேப்பமரத்துக்கு மேற்கே அடக்கம் பண்ணினார்கள். யாருக்கும் அவன் அந்நியனாகத் தெரியவில்லை. மாசம் ஒருமுறை முறைவைத்துக் கல்லறையைக் கூட்டிவிட்டு வந்தார்கள். மணல் மூடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பரஞ்சோதிக்கு மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. ஒருநாள் அவன் விதைக்கிடங்கு வாசலில் வந்து நின்று, "அக்கா, அந்தத் தலைப்பாகை என்ன நிறம்?" என்று கேட்டான்.

"மஞ்சள்."

"அப்ப மஞ்சள்னா அதுதானா" என்றான் பரஞ்சோதி.  "சன்னல் வழியா உள்ள வருதே, தூசி அதுக்குள்ள ஆடுதே, அது?"

"அது வெயில்."

"வெயில் சுடும்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன். அதுக்கு இப்படி ஒரு சாடை இருக்கா." அவன் முகம் மலர்ந்திருந்தது, உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "ஒருத்தன் சாவுல இதைப் பாக்கக் குடுத்துவச்சிருக்கேன். இது பாவமாக்கா?"

 சுகிர்தத்துக்கே அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் புருஷனைத் தான் தள்ளவில்லை என்று நம்ப அவளுக்கு ஆசைதான். முழங்காலில் இருந்தது ஞாபகம் இருந்தது, ஆனால் அந்த நேரம் முழுவதும் கலங்கல் தண்ணீர்போல இருந்தது, அதன்மேல் அந்தப் பதினாலு படியும் தெளிவாக மிதந்தன. எல்லாரையும்விட எனக்குத்தானே காரணம் அதிகம், ஒருவேளை நான்தானோ, என்னிடமிருந்துதான் எல்லாருக்கும் போயிற்றோ என்று வைகாசியும் ஆனியும் அவள் நினைத்து நினைத்து இளைத்துப்போனாள்.

ஆடி பிறந்ததும் இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். இந்த முறை மேஜை போடச் சொல்லவில்லை. சுகிர்தத்தைக் கூப்பிட்டு, வேதக்கண் அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க பாரும்மா. நாப்பத்தொரு பேரைக் கூண்டில ஏத்த முடியாதுன்னு மேல எழுதிட்டாவ. ஆனா ஒருத்தர் வேணும். செத்தவன் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தவன். வரமாட்டேன்னு சொன்னவ நீ. நீயே ஒப்புக்கவும் செஞ்சிருக்க. வியாழக்கிழமை வண்டி கொண்டு வாரேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இதில இஷ்டம் இல்லை. வேற வழி தெரிஞ்சா அதுக்குள்ள சொல்லுங்க" என்றார்.

அது வெள்ளிக்கிழமை. வந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சுகிர்தத்தைப் பெண்கள் வரிசையில் முதலாவதாக நிற்கச் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு அங்கே கடைசி ஞாயிறு என்பது எல்லாருக்கும் தெரியும். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பங்குனிக்குப் பிறகு அவர்களுடைய ஆட்டம் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. எல்லாருடைய இடது காலும் தரையில் லேசாக இழுத்தது. துக்கத்தில் கால் தளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். படியேறும்போதும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்து, அப்புறம் அடுத்த படி என்றுதான் ஏறினார்கள். முதல் ஆளாக நின்ற சுகிர்தத்துக்கு எதிர்வரிசை முழுவதும் அன்றைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இருபது ஆண்களும் காலை இழுத்து இழுத்து வர, நடுவில் ஒரே ஒரு ஆள் இரண்டு முட்டியையும் சுளுவாக மடக்கி, பன்னிரண்டு வயசுப் பையனைப்போல ஆடிக்கொண்டு வந்தார். அது ஈசாக்கு.

சுகிர்தம் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே நினைத்துப் பார்த்தாள். மச்சு வாசல்நிலையில் தான் ஒருநாளும் குனிந்ததில்லை. நிமிர்ந்து நடந்தாலும் அதன் மேல்சட்டம் அவள் தலையில் இடிக்காது. ஆனால் ஞாபகத்தில் குனிந்திருந்தாள். படி ஏறும்போது இடது முட்டி வலித்ததும் ஞாபகத்தில் இருந்தது. கண்ணுக்குப் பட்டது என்ன என்றுதான் இன்ஸ்பெக்டர் கேட்டார், காலுக்கு என்ன தோன்றியது என்று அவரும் கேட்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை. ஈசாக்கு அண்ணனின் கால் குணமானதைக் கர்த்தரின் கிருபை என்று சொல்லி எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்கு மேல் யாரும் போகவில்லை.

அப்படியானால் நான் தள்ளவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. அடுத்த சுற்றிலேயே மறுபடியும் கனத்துவிட்டது. அவர் தள்ளினது அவளுக்காக. தள்ளினதைக் கொடுத்தும்விட்டார், கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வலித்த முட்டி முதற்கொண்டு எல்லாவற்றையும் பொதுவில் மாட்டிவிட்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, யாருக்குத் தெரியும். இப்போது அவர் சுத்தமாக இருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும், வியாழக்கிழமை நான் போய்விடுகிறேன் என்று அவள் முடிவு பண்ணிக்கொண்டாள்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் ஈசாக்கே அவளைத் தேடி வந்தார். ஆணும் பெண்ணும் தனியே பேசக்கூடாது என்பதால் பரஞ்சோதியைக் கூட அழைத்து வந்திருந்தார். கிடங்கு வாசலில் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். யார்கிட்ட கேக்கன்னு தெரியல. நீ வியாழக்கிழமை போறே, அதனால கேக்கேன். நீங்க எல்லாரும் அன்னைக்கு விடியக்காலம் ஒண்ணைப் பாத்தீய. அதைப் பத்திப் பேசும்போது எல்லாரும் ஒண்ணுபோலத் தலையைக் குனியுதீய. நான் மட்டும் சும்மா நிக்கேன். இந்த வீட்டில கஞ்சி ஊத்தினா எனக்கும் ஊத்தினாவ, துணி நெய்தா எனக்கும் குடுத்தாவ. இதுல மட்டும் எனக்குப் பங்கு இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா என்னைக் குத்தமில்லாதவன்னு சொன்னாரு. அதைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. நான் என்ன செஞ்சேன்னு என்னை விலக்கி வச்சிருக்கு?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. மூன்று மாசமாக அவர் தனியாக அழுதிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுகிர்தம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணன், உங்க முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கு என்ன. நல்லா இருக்கு."

"எங்க எல்லாருக்கும் வலிக்கு. எனக்கு, சாராளக்காவுக்கு, இந்தப் பரஞ்சோதிக்கு. இடது முட்டி."

ஈசாக்கு பரஞ்சோதியைப் பார்த்தார். பரஞ்சோதி தன் இடது முட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

"அது உங்களுக்கு வராம இல்லை அண்ணன்" என்றாள் சுகிர்தம். "உங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு வந்துது."

ஈசாக்கு தன் முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். எழுந்து பட்டறைக்குப் போனார். அன்று முழுவதும் இழைப்புளிச் சத்தம் கேட்டது. பிற்பாடு போய்ப் பார்த்தபோது ஒரு பலகையைக் காகிதம்போல ஆகிறவரைக்கும் இழைத்து வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லாரும் பெரிய அறையில் சாப்பிட்டு முடித்ததும், ஈசாக்கு வரிசையைவிட்டு நடுவில் வந்து நின்றார். "என்னோடது ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றார். பொதுவீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அதைத் திருப்பித் தாங்க."

வேதக்கண் அம்மாள், "வச்சிருக்கதுல எங்களுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லை ஈசாக்கு. பழகிப்போச்சு. நாப்பது பேரு தூக்கினா பாரமும் இல்லை" என்றாள்.

"உங்களுக்குப் பாரமில்லை அம்மா. ஆனா வியாழக்கிழமை வண்டியில ஏறுறது அவ ஒருத்தி. என் பொருளை நானே சுமக்கேன்."

எல்லாரும் எழுந்தார்கள். வட்டமாக நின்றார்கள். பாட்டு இல்லாமல் ஆடினார்கள். ஒவ்வொருவராக ஈசாக்கின் முன்னால் வந்து, வழக்கம்போலத் தரையில் உதறாமல், அவருடைய விரித்த உள்ளங்கைகளின்மேல் தங்கள் கைகளைக் கவிழ்த்தார்கள். "இது உங்களுடையது" என்றார்கள். கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போகும்போது ஒருவருக்கும் கால் இழுக்கவில்லை. ஈசாக்கின் இடது கால் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்தது. சாராள் கொடுத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள். சுகிர்தம் கொடுத்தாள். நாற்பது பேர் ஆனதும் பரஞ்சோதி மட்டும் தன் இடத்தைவிட்டு அசையாமல் நின்றான்.

"அண்ணாச்சி, எனக்கு நாளைக்கு வரைக்கும் நேரம் தாங்க" என்றான். சரி என்றார்கள்.

மறுநாள் காலை முழுவதும் அவன் களத்தில் வெயிலுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தான். யாரும் கிட்டப் போகவில்லை. உச்சிப்பொழுதில் எழுந்து, கோலைத் தட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், கைகளைக் கவிழ்த்தான். சத்தம், படி, வார்த்தை, அந்த ஒரு மிடறு சந்தோஷம் எல்லாவற்றையும் கொடுத்தான். கடைசியில் அவன் விரல்கள் நின்றன.

"அந்த மஞ்சளை நீயே வச்சுக்க" என்றார் ஈசாக்கு. "அது எனக்கு வேண்டாம்."

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வண்டியோடு வந்தபோது, வாசலில் துணிமூட்டையோடு ஈசாக்கு நின்றார். உட்கார வைத்துக் கேட்டார்கள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். அவன் தலையில் என்ன நிறத்தில் கட்டியிருந்தான் என்று கேட்டபோது மட்டும் தெரியவில்லை என்றார். இன்ஸ்பெக்டர் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அன்று அடுக்களையில் நின்றேன் என்றாள் சாராள். களத்தில் நின்றோம் என்றார்கள் மற்றவர்கள். மச்சைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்னே தாங்கள் சொன்னதாக எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியபோது, யாரோ சொன்ன கதையைக் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டார்கள். சங்கரமூர்த்திப் பிள்ளை அந்த நாற்பத்தொரு காகிதங்களையும் அடுக்கி நூலால் கட்டித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "இதைக் கோர்ட்டுல காமிச்சா ஜட்ஜு துரை என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு" என்றார். கொல்லும் எண்ணத்தோடு செய்ததில்லை, பிடித்தவனை உதறியதில் நேர்ந்தது என்று தீர்ப்பாகி, ஈசாக்குக்கு ஐந்து வருஷம் பாளையங்கோட்டைச் சிறை கிடைத்தது.

பொதுவீட்டில் ஆவணியும் புரட்டாசியும் போயின. கால் சரியாகி எல்லாரும் நன்றாக ஆடினார்கள். உப்பு கூடினதற்குச் சாராள் மறுபடியும் சண்டைக்கு வந்தாள். மேற்கே இருந்த கல்லறையில் கிடப்பவன் நமக்கு யார் என்று சிலர் கேட்டார்கள்; சுகிர்தத்தின் புருஷன் என்று சொல்ல வேண்டியிருந்தது; முறைவைத்துக் கூட்டுவது நின்று, சுகிர்தம் மட்டும் போய்க் கூட்டிவிட்டு வந்தாள்.

கொடுத்தது போய்விட்டதால் அவளுக்கு அந்த உச்சிப்பொழுது மெல்ல மெல்லத் தெளியத் தொடங்கியது. கலங்கல் அடங்கி அடியில் கிடப்பது தெரிவதுபோலத் தெரிந்தது. தறியறைக் கதவு, தரையில் தன் முழங்கால், தறியில் பாதி நெய்த துணி, அடுத்த சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம். கார்த்திகையில் ஒருநாள் தறியில் உட்கார்ந்திருக்கும்போது அது முழுவதும் வந்துவிட்டது. அவள் வேலையை நிறுத்திவிட்டு, வேதக்கண் அம்மாளிடம் போய், "அம்மா, நான் பாளையங்கோட்டைக்குப் போகணும்" என்றாள்.

இரண்டு நாள் நடை. சிறையில் அவர் தச்சுக்கொட்டகையில் இருந்தார். வார்டர் அவரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். இளைத்திருந்தார். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வீட்டில எல்லாரும் சுகமா தங்கச்சி?"

"சுகம்." அவள் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன், உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிட்டீய. ஆனா இது உங்ககிட்ட இல்லாதது. அன்னைக்கு நான் தறியறையில இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவரு படியேறிப் போனதைக் கேட்டேன். கொஞ்சம் கழிச்சு இன்னொரு கால் ஏறுச்சு. ஒரு காலை வச்சு, ஒரு காலை இழுத்து. அது யாருன்னு எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணன், போகாதீயன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எந்திரிக்கல. முழங்கால்ல இருந்துக்கிட்டு, அந்த மனுஷன் உயிரோட இறங்கி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்."

ஈசாக்கு கம்பிக்குக் கொஞ்சம் கிட்டே நகர்ந்தார். கொட்டகையில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது, அது நின்றது.

"எப்ப தெரிஞ்சுது?"

"முந்தாநாளுதான்."

"உடனே கிளம்பிட்டியாக்கும்."

"ஆமா."

"வழியில சாப்பிட்டியா?"

"இல்லை."

அவர் வார்டரைத் திரும்பிப் பார்த்து, ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். வந்ததைக் கம்பி வழியாக அவளிடம் நீட்டினார். இடையில் இரண்டு முழம் இல்லை. கம்பி மட்டும்தான் இருந்தது.

"சொல்லிட்ட இல்லா" என்றார். "உக்காரு. வெயில் தாழ்ந்த பிறகு போவலாம்."

சுகிர்தம் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.